பரிசுக் காப்பு

பஸ் ஸ்டாண்டு வாசலில் தள்ளுவண்டியில் மோர் விற்கிறேன். உணவு விற்கிற எல்லோர் கையிலும் போல என் கையிலும் சுகாதாரக் காப்பு. காலையில் பூட்டினால் சாயங்காலம்தான் கழலும். கக்கூஸ் போய்விட்டு அரசாங்கக் குழாயில் கை கழுவாவிட்டால் அது சிவந்து, ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தும். வண்டியும் பூட்டிக்கொள்ளும். அந்தக் குழாய் இருக்கிற ஒரே கக்கூஸோ, திறப்பு விழா முடிந்த அன்றே பூட்டினார்கள், இன்னும் திறக்கவில்லை.

இன்று சுகாதார அதிகாரி இளம்பரிதி வந்தார். வெயிலுக்கு ரெண்டு டம்ளர் மோர் குடித்துவிட்டு ஒரு பெட்டியை நீட்டினார்.

"உங்க காப்பு ஒரு தடவைகூட சிவக்கலையேம்மா! அதான் தங்கக் கலர்ல புதுக் காப்பு பரிசு. எப்படிம்மா இவ்வளவு சுத்தம்?"

"பகல் பூரா சொட்டுத் தண்ணி குடிக்கிறதில்ல சார். ஊருக்கெல்லாம் மோர் ஊத்திட்டு நான் நாக்கு வறண்டு நிக்கறேன். அடக்கி அடக்கி இப்ப ரத்தமா போவுது. இதுக்குப் பரிசா?"

"மேலிடத்துல சொல்றேன்மா" என்று இழுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுக் காப்பை எடுத்து அவர் மணிக்கட்டிலேயே பூட்டினேன்.

"ஐயோ, சாயங்காலம் வரைக்கும் கழலாதேம்மா!"

"தெரியும் சார். உங்க வயித்துக்குள்ள ரெண்டு டம்ளர் மோர் இருக்கு. உட்காருங்க."