பீங்கான் பஸ்

முதல் கொண்டை ஊசி வளைவு தாண்டிவிட்டது. அப்பா இன்னும் வாந்தி எடுக்கவில்லை.

கேரி பேக்கை விரித்துப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலூரில் கேன்சருக்கு மருந்து ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைக்குத் திரும்பும்போதெல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்கும். வீடு போய்ச் சேர்வதற்குள் குடலே வெளியில் வந்துவிடும்போல ஓங்கரிப்பார்.

என் அப்பா சைலஸ் இதே பாதையில் பஸ் ஓட்டியவர். வாந்தி எடுக்கிற பயணிகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஜமுனாமரத்தூரில் வண்டியை நிறுத்தியதும், பக்கவாட்டில் வழிந்திருப்பதை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே ஊருக்கே கேட்கிற மாதிரி திட்டுவார். அந்த மனுஷன், தன்னோடு வேலை பார்த்த கண்டக்டர் எதிரிலேயே முதல்முறை வாந்தி எடுத்தபோது வெட்கத்தில் அழுதுவிட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் எங்கள் விளையாட்டு. நான் சென்னையில் ஒரு கால் சென்டரில் வெள்ளைக்காரர்களிடம் திட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறவள். வாந்திக்கு அவர்கள் வைத்திருக்கும் கேலிப் பேர்களைத் தேடிப் பிடித்து, போகிற ஒவ்வொரு தடவையும் ஒன்றாக அப்பா காதில் சொல்வேன். கலர் கொட்டாவி. தண்ணிச் சிரிப்பு. ரால்ஃபைக் கூப்பிடுவது.

ரால்ஃப் யார் என்று கேட்டார். ஓங்கரிக்கிற சத்தம் அந்த ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரியே இருக்குமாம் என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அடுத்த தடவை பஸ் ஏறியதும் கண்டக்டரிடம், ரால்ஃபுக்கும் சேர்த்து டிக்கெட் கேட்டார்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன். கக்கூஸ் பீங்கானை ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிவதால், அதைப் பீங்கான் பஸ் ஓட்டுவது என்பார்களாம். டிரைவருக்கென்றே செய்த வார்த்தை. மருந்து முடிகிற அன்றைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன்.

இரண்டாவது வளைவும் போயிற்று. மூன்றாவதும் போயிற்று. அப்பா, கண்ணமங்கலத்தில் தின்ற மசால்வடையைப் பற்றிப் பேசினார். டிரைவர் கியர் போடுவது சரியில்லை என்றார்.

"இன்னா ஹெப்சி, ஒண்ணுமே வரல பாத்தியா? மருந்து ஒடம்புக்கு ஒத்துக்கிச்சி. கிறிஸ்மஸ் முடியட்டும், நானே வண்டிய எடுத்துட்றேன்."

கேரி பேக்கை என் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரி, இன்னைக்கி இன்னா வார்த்த? வாந்தி வரலன்னா சொல்லமாட்டியா?"

சொன்னேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடுத்த வளைவுக்கு ஸ்டியரிங்கை ஒடித்துக் காட்டினார். அதற்கடுத்த வளைவுக்கும் ஒடித்தார். சிரித்துச் சிரித்துத்தான் எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று நினைத்துக்கொண்டார்.

காலையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் மருந்து கொடுத்துப் பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டார். வெறுங்கையோடு எப்படி அழைத்துப்போவது என்று நான்தான் கெஞ்சி ஒரு பாட்டில் ஏற்றச் சொன்னேன்.

வெறும் சலைன். அதற்கு யாருக்கும் வாந்தி வராது.