கைராசிக்காரரின் வலது கண்

"மெதுவாத் திறங்க, அவசரமே இல்ல" என்றார் கண் டாக்டர்.

கட்டு அவிழ்ந்துவிட்டது. பஞ்சையும் எடுத்தாகிவிட்டது. ஆனால் சலூன்காரருக்கு இமையைத் தூக்கத் தைரியம் வரவில்லை.

ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கைராசிக்காரர் என்றுதான் சொல்வார்கள். கல்யாண மாப்பிள்ளையானாலும் புது வேலைக்குப் போகிறவனானாலும் அவர் கத்தி கன்னத்தில் பட்ட பிறகுதான் வீட்டுப் படி இறங்குவான்.

அந்தக் கைராசிக்காரரின் கண்களில்தான் புரை விழுந்தது.

முதலில் சுவரில் இருந்த காலண்டர் மங்கியது. பிறகு கண்ணாடிக்குள் இருந்த ஆள் மங்கினார். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரே பனிமூட்டத்துக்குள் போய்விட்டார்.

மனைவியைத் தவிர ஈ காக்கைக்குக்கூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டார். பழைய பல்பைக் கழற்றிவிட்டுப் பெரிய விளக்காகப் போட்டார். ஆளைக் குரலில் கண்டுபிடித்தார், இருமலில் கண்டுபிடித்தார். இடது கை விரல் கன்னத்தைத் தடவிப் போன வழியிலேயே கத்தியை விட்டார்.

கண் தெரியாத சலூன்காரரிடம் கழுத்தை நீட்ட யாருக்காவது பைத்தியமா?

தனியார் ஆஸ்பத்திரியில் சொன்ன தொகைக்குக் கடையை விற்றாலும் காணாது. அரசு ஆஸ்பத்திரியிலோ, ஆபரேஷன் கருவி வந்து இறங்கி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மாடியில் தூசி தின்றுகொண்டிருந்தது. அதைத் தொடுவதற்கு ஒரு கண் டாக்டர் இல்லை. கேட்டால், இன்னும் யாரையும் போடவில்லை என்ற ஒரே பதில்.

அப்போதுதான் எதிர்க்கடைத் தையற்காரர் ஆஸ்பத்திரி வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தார்.

பக்கத்தில் பஸ் கண்டக்டர் உட்கார்ந்தார். கணக்கு வாத்தியார் உட்கார்ந்தார். கறிக்கடைக்காரர் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். கண் டாக்டர் வேண்டும், அதுவும் நம் ஆஸ்பத்திரிக்கே வேண்டும் என்றார்கள். வாரத்துக்கு வாரம் கூட்டம் பெருகியது.

சலூன்காரருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. ஊருக்காக என்று சொல்லிக்கொண்டு அவரும் போய் உட்கார்ந்தார். எல்லோரையும்விட உரக்கக் கோஷம் போட்டார். ஒருநாள் மைக்கைப் பிடித்து, கண் தெரியாதவர்களின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் என்று உருக்கமாகப் பேசவும் செய்தார். கூட்டம் நிறுத்தாமல் கைதட்டியது.

மழையில் நனைந்தார்கள். போலீஸ் வேனில் ஏறி இறங்கினார்கள். பெரிய அதிகாரி வந்து 'பார்க்கலாம்' என்றார். பார்க்கத்தானே ஐயா கேட்கிறோம் என்று மொத்தக் கூட்டமும் திருப்பிச் சொன்னது.

கடைசியில் டாக்டர் வந்தே விட்டார். கண்டக்டர் தன் பஸ்ஸிலேயே அவரைக் கூட்டிவந்து, நிறுத்தமே இல்லாத ஆஸ்பத்திரி வாசலில் விசில் ஊதி இறக்கிவிட்டார். மாடியில் உறை பிரிந்தது. பூட்டிக் கிடந்த வார்டுக்கு வெள்ளையடித்தார்கள்.

பிறகு, எங்கெங்கோ இருந்து ஆட்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இனி இப்படித்தான் என்று கண்ணை மறந்தே போனவர்கள். ஒருவரிடமும் காசு கேட்கவில்லை.

கூட்டத்தோடு கூட்டமாகச் சலூன்காரரும் போய்ப் படுத்துக்கொண்டார். முதலில் வலது கண், அது ஆறிய பிறகுதான் இடது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பூட்டிய கடைக் கதவில் 'உறவினர் வீட்டுக் கல்யாணம்' என்று மனைவி ஓர் அட்டையை மாட்டிவிட்டு வந்தார்.

இப்போது இமை திறந்தது.

முதலில் வெளிச்சம். பிறகு டாக்டர் நீட்டிய விரல்கள். அவருக்குப் பின்னால் மனைவி. இவளுக்குக் காதோரம் எப்போது நரைத்தது?

எதிர்க் கட்டிலில் ஒருவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் சலசலப்பு. நர்ஸ் தடுத்தும் கேட்காமல் ஒரு கும்பல் உள்ளே நுழைந்தது. குரல் கேட்டதுமே யார் யாரென்று தெரிந்துவிட்டது. தையற்காரர், கண்டக்டர், வாத்தியார், கறிக்கடைக்காரர்.

குட்டு வெளிப்பட்டுவிட்டதே என்று அவருக்குப் பகீரென்றது. தலையைக் குனிந்துகொண்டார்.

மெல்ல நிமிர்ந்தபோதுதான் அவர்கள் முகங்களைப் பார்த்தார். ரொம்ப காலத்துக்குப் பிறகு, தெளிவாக.

தையற்காரரின் மீசை ஒரு பக்கம் முழுசாக இருந்தது, மறுபக்கம் பாதிதான் இருந்தது. கண்டக்டரின் தாடையில் புதுக் கீறல், அதற்குக் கீழே பழைய கீறல். வாத்தியாரின் கிருதா ஒன்று காதுக்கு மேலேயே நின்றுவிட்டது, இன்னொன்று தாடைக்கு இறங்கிவிட்டது. தினமும் கத்தி பிடிக்கிற கறிக்கடைக்காரரின் கன்னத்தில் பிளாஸ்திரி.

எல்லாமே அவர் கை வேலை.

"இந்தக் கோலத்தோடவா திரும்பத் திரும்ப என்கிட்டயே வந்தீங்க?"

தையற்காரர் அரை மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"வேற கடைக்குப் போனா நீங்க ஒடிஞ்சு போயிருவீங்களேண்ணே. டாக்டரைக் கொண்டாந்து சேர்க்கிற வரைக்கும் தாங்கிக்கிறதுன்னு, பாய் விரிக்கிறதுக்கு முன்னாடியே எல்லாருமாப் பேசி வெச்சுட்டோம்."