வீம்பு முட்டை

அந்த வீட்டில் எந்தச் சாப்பாட்டுக்கும் சொந்தப் பெயர் கிடையாது.

புதிதாக வந்த மருமகளுக்கு இது பிடிபடவே முதல் வாரம் சரியாகப் போனது. உருளைக்கிழங்கை மசித்து வெண்ணெய் போட்டால் 'பரீட்சைக் கிழங்கு'. பிள்ளைகள் பரீட்சைக்குக் கிளம்பும்போது மாமியார் செய்து கொடுத்ததாம். சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வந்து, சூப்பில் இரண்டு டம்ளர் தண்ணீர் சேர்த்தால் 'விருந்தாளி சூப்'. மிச்சச் சோற்றை வெங்காயத்தோடு புரட்டினால் 'சோம்பேறிச் சோறு'.

அவளுக்கு இதெல்லாம் ரொம்பப் பிடித்திருந்தது. ஒவ்வொன்றாகக் கணவனிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"அதென்னங்க, வீம்பு முட்டை?"

"ரொட்டியைப் பிச்சுப் போட்டு முட்டையோட கிளறுறது. அம்மா அப்பாவுக்குள்ள சண்டை வந்தா, கோபப்படுத்தினவங்கதான் கோபப்பட்டவங்களுக்குச் செஞ்சு கொடுக்கணும். வேற யாரும் கை வைக்கக் கூடாது. அதைச் சாப்பிட்டாச்சுன்னா சண்டை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"நல்ல ஏற்பாடா இருக்கே. அடிக்கடி நடக்குமா?"

"முன்னெல்லாம் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு. இப்ப..." என்று இழுத்தான். "வாரத்துக்கு ரெண்டு மூணு ஆயிடுது. அம்மாவுக்கு வயசாக ஆக, கோபம் மூக்கு நுனியில வந்து உட்கார்ந்துக்குது."

ஞாயிற்றுக்கிழமை அதை நேரில் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமனார் தையல்காரர். ஆறு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கையைத் தூக்க முடிகிறது, விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. முன்னறையில் தையல் மெஷின் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு சும்மா கிடந்தது.

"கண்ணாடியைக் கட்டில் மேல வச்சிருக்கீங்களே, நான் அது மேல உட்கார்றதுக்கா?" என்று மாமியார் ஆரம்பித்தார்.

"நான் அங்க வச்ச மாதிரி ஞாபகமே இல்லையே."

"அப்ப கண்ணாடிக்குக் கால் முளைச்சு நடந்து வந்துதா?"

"சரி, விடு. அதான் உடையலையே."

"உடைஞ்சிருந்தா? எனக்குச் சாப்பாடே வேண்டாம்."

அறைக்கதவு சாத்திக்கொண்டது. மாமனார் ஒரு பெருமூச்சு விட்டுச் சமையலறைக்கு எழுந்து போனார். மருமகள் பின்னாலேயே ஓடினாள்.

"மாமா, நீங்க உட்காருங்க. நான் செஞ்சுடறேன்."

"யாரும் அங்க போக வேண்டாம்," அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "கோபப்படுத்தினவரே செய்யட்டும்."

"விடும்மா," என்றார் மாமனார். "அவகிட்ட எதுவும் எடுபடாது."

பழக்கத்தை விடாமல் வலது கையிலேயே முட்டையைப் பிடித்துக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினார். அது இரண்டாகப் பிளக்காமல் கைக்குள்ளேயே நொறுங்கியது. முள்கரண்டியால் அடித்துக் கலக்கும்போது இரண்டு தடவை கரண்டி நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக் கழுவி மறுபடியும் கலக்கினார். பத்து நிமிட வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

தட்டு மேஜைக்கு வந்தது. மாமியாரும் வந்தார். மூன்றாவது வாயில் எதையோ எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"முட்டை ஓட்டையும் சேர்த்தா சமைப்பாங்க?"

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். மாமியார் என்னவோ ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்துத் தட்டோடு உள்ளே போனார்.

மருமகளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. சமையலறைக்குள் போய் நின்றாள்.

"அத்தை, தப்பா நினைச்சாலும் பரவாயில்லை. முடியாத மனுஷனை இந்தப் பாடு படுத்தறது நல்லாயில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தா, மாமாவைக் கூட்டிக்கிட்டு நாங்க தனியாப் போயிடுவோம்."

மாமியார் முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினார்.

"ஆஸ்பத்திரியில ஒரு ரப்பர் பந்து கொடுத்தாங்க," என்றார் தணிந்த குரலில். "தினமும் பிசையணும், இல்லேன்னா கை இப்படியே நின்னுடும்னாங்க. 'கத்தரிக்கோல் பிடிச்ச கையில பந்தா, நான் என்ன பச்சப் புள்ளையா'ன்னு ஜன்னல் வழியா வீசிட்டார் உங்க மாமா. கெஞ்சிப் பார்த்தேன், அழுது பார்த்தேன். மசியலை."

மருமகள் மேடையிலிருந்த தட்டை எடுத்துத் தொட்டியில் வைத்தாள்.

"ஆனா நான் சாப்பிடாம படுத்தா மட்டும் அந்த மனுஷனுக்குத் தாங்காது. நாப்பது வருஷமா அப்படித்தான். அந்தக் கையை வேற எப்படிம்மா நான் வேலை வாங்கறது? சண்டை போட விஷயம் கிடைக்கிறதுதான் பெரும் பாடா இருக்கு. இன்னைக்குக் கண்ணாடியைக் கொண்டுபோய்க் கட்டில்ல வச்சதே நான்தான்."

"அது சரி அத்தை, சாப்பிடும்போது ஓடு கிடக்குன்னு எதுக்குக் குத்திக் காட்டினீங்க?"

"சொன்னாத்தானே அடுத்த தடவை பார்த்து உடைப்பார்."

மாமியார் மூடியிருந்த கையை விரித்தார். உள்ளங்கையில் முட்டை ஓட்டுத் துண்டுகள் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"போன தடவை ஒம்பது," என்றார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னைக்கு மூணுதான்."