நாற்பது பேருக்குக் குறைத்து

பாலைவனத் தொழிலாளர் முகாமுக்கு வசந்தகால வானிலை அறிக்கை வந்த அன்று, "அடுத்த மாசத்துலேர்ந்து நாப்பது பேருக்குக் குறைச்சு உலை வைங்கண்ணே," என்றார் மேற்பார்வையாளர் தாவூது.

நாற்பது பேருக்கு விடுமுறை என்று நினைத்துக்கொண்ட சமையல்காரர் சவரிமுத்து, சந்தோஷம் தாங்காமல் சாப்பாட்டுக் கூடத்தில் கூவிச் சொல்லிவிட்டார். ஒரே விசில், கைதட்டல்.

தாவூது அவரை அடுப்படிக்கு இழுத்துப் போனார். "லீவுன்னு யாருண்ணே சொன்னா? வர்ற வெயிலுக்கு நாப்பது பேரு உசுரோட மிஞ்ச மாட்டாங்கன்னு அறிக்கை சொல்லுது. இதுவரைக்கும் அது தப்புனதே இல்ல."

சவரிமுத்து கரண்டியோடு திரும்பி வந்தார். வரிசையில் முதலாவதாக நின்ற எழிலரசன், போன மாதம்தான் தகப்பனானவன், தட்டை நீட்டியபடி கெஞ்சினான்.

"அண்ணே, அந்த நாப்பதுல எப்படியாவது என்னையும் சேர்த்து விட்டுருங்கண்ணே."