டாங்கியில் தவளை

கிஷாந்த் கழுத்துவரை தண்ணீருக்குள் இறங்கி, இரும்பு மூடியைத் தலைக்கு மேல் இழுத்துச் சாத்திய சற்று நேரத்தில், அந்த மூடியின்மேல் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

வெற்றிலைப் பையின் சுருக்கை இழுக்கும் சத்தம் கேட்டது. காளியாயி.

வட்டகொடைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் குடிதண்ணீர் டாங்கிக்குக் காவல் அவள்தான். காலைச் சங்கு ஊதிய பிறகு வந்து வால்வைத் திறப்பதுதான் வழக்கம். இன்றைக்கென்று பார்த்து முன்னாலேயே வந்துவிட்டாள்.

டாங்கியில் கால் நனைத்தவன் தோட்டத்தின் பெயரில் எந்தப் போட்டிக்கும் போக முடியாது. தோட்டத் தலைவர் வைத்த சட்டம். போன வருடம் ஒருத்தன் இதில் செருப்பைக் கழுவிவிட்டு, இன்றுவரை கரம்போர்டு விளையாடக்கூட ஆள் கிடைக்காமல் அலைகிறான்.

கிஷாந்த் நனைத்தது காலை மட்டுமல்ல.

இன்று பகல் அட்டனில் பத்தாயிரம் மீற்றர் ஓட்டம். ஜெயிப்பவனுக்கு மாகாண அணியில் இடம். ஒரே ஒரு இடம். நேற்று ஓடிய ஐயாயிரத்திலேயே அவனுடைய கெண்டைக்கால்கள் இரண்டும் கல்லாகிவிட்டன.

ஓட வருகிற மற்றவர்களெல்லாம் கூட்டத்துக்கு. போட்டி இவனுக்கும் லோஜனுக்கும்தான்.

லோஜன் மேற்கணக்கு, இவன் கீழ்க்கணக்கு. ஒரே தோட்டத்தின் இரண்டு டிவிசன்கள். கோயில் தனி, மைதானம் தனி. சண்டை மட்டும் பொது. இந்த டாங்கிக்குள்கூட நடுவில் சுவர் எழுப்பி, ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு மூடி. சுவர் மட்டும் கூரையைத் தொடாமல் ஒரு சாண் குறைவாக நிற்கிறது. சீமெந்து முடிந்துவிட்டதாம்.

நேற்று ஓட்டம் முடிந்ததும் கிஷாந்தை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். லோஜன் மணிக்கட்டிலிருந்த இரும்புக் காப்பைச் சுழற்றிக்கொண்டு, கடலை வடை தின்றபடி நடந்து போனான். அவனுக்குக் கால் வலியே வராது என்று மேற்கணக்கு முழுக்கப் பேச்சு.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கும் மேர்வின் சேர்தான் போனில் அந்த வீடியோவைக் காட்டினார். வெளிநாட்டு ஓட்டக்காரன் ஒருவன் ஜட்டியோடு ஒரு பெட்டிக்குள் நிற்கிறான். சுற்றிலும் வெள்ளைப் புகை. உடம்பு முழுக்கக் குளிர் பிடித்தால் தசை வலி போய்விடுமாம்.

"மைனஸ் நூத்திப் பத்துல நிக்கிறான்டா அவன். நீ பொறந்ததே பிரிஜ்ஜுக்குள்ள, ஒனக்கென்ன? பெட்டி இல்லாட்டி பச்சத்தண்ணியில கழுத்து முங்க அஞ்சு நிமிசம் இரு. அதுக்கு மேல இருந்துறாத, ஆளே வெறச்சிருவ."

குளிக்கிற பீலிக் குழாயடியில் நின்றால் தண்ணீர் முதுகில் மட்டும்தான் விழும். கழுத்து முங்கும் ஆழம் தோட்டத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது.

ஐந்து நிமிடம் எப்போதோ போய்விட்டது. கால்விரல்கள் இருக்கின்றனவா என்று கிஷாந்துக்குத் தெரியவில்லை. கீழ்க்கணக்கின் முழுக்கை ஜேர்சியைத் தலைப்பாகையாகக் கட்டியிருந்தான். வெளியே வைத்தால் அகப்பட்டுக்கொள்வான். முதுகில் இலக்கம் தைத்த ஜேர்சி. அது இல்லாமல் அட்டனில் கோட்டுக்குப் பக்கத்திலும் விடமாட்டார்கள்.

காளியாயி கொழும்பில் வேலை செய்யும் மகளுக்குப் போன் போட்டாள். பேசிக்கொண்டே, உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டி வால்வைத் திருகினாள்.

கீழே லயத்து வீடுகளில் தேத்தண்ணிக் கேத்தல்கள் நிறையத் தொடங்கின. கிஷாந்தின் அம்மாவுடையதும்தான். அதைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று அவன் முடிவு செய்தான்.

டக் டக் டக் டக்.

பல்.

மேலே பேச்சு நின்றது.

"இருடி நிஷாந்தி, உள்ளுக்க என்னமோ டக்கு டக்குங்குது. தவள பூந்துருச்சு போல. தேத்தண்ணியில கெடந்துச்சுன்னா என்னையத்தான் வைவாங்க. இரு, தொறந்து பாத்துர்றேன்."

கிஷாந்த் ஜேர்சியை உருவி, அதன் ஒரு கையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்தான். பல் நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

மூடியிலிருந்து பாரம் எழுந்தது. காலடி அவன் தலைக்கு மேலாகத் தாண்டிப் போனது. மேற்கணக்கு மூடியை நோக்கி.

கிஷாந்த் இருட்டில் நடுச்சுவரின் விளிம்பைத் தடவினான். பனியில் ஊறிய கம்பி மாதிரி நான்கு விரல்கள் அதைப் பற்றிக்கொண்டிருந்தன. மணிக்கட்டில் இரும்புக் காப்பு.

கால் வலியே வராதவனின் கை இவனுடையதைவிட மோசமாக நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்து மூடியின் கைப்பிடி கிறீச்சிட்டது. அது திறந்தால் போதும். கிஷாந்த் எதுவுமே செய்ய வேண்டாம். சும்மா நின்றால் சரி. மாகாண அணியில் ஒரே ஒரு இடம்.

ஜேர்சியின் மறு கையை எடுத்து அந்த விரல்களுக்குள் செருகினான்.

விரல்கள் முதலில் அசையவில்லை. பிறகு ஜேர்சி அந்தப் பக்கம் விசுக்கென்று இழுபட்டது. குழாய்த் தண்ணீர் விழும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

"நின்னுருச்சுடி. குழாய் வழியா ஓடிருச்சு போல," என்றாள் காளியாயி. "அத விடு, ஒம் மாமியாக்காரி என்ன சொல்றா?"

நின்ற இடத்திலேயே, மேற்கணக்கு மூடியின்மேல், நிதானமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

கிஷாந்தின் தலைக்கு மேலே மூடி காலியாக இருந்தது. சத்தமில்லாமல் தூக்கினால், தேயிலைக்குள் புகுந்து ஓடிவிடலாம். அட்டன் பஸ்சுக்கும் நேரம் இருந்தது.

வாயிலிருந்த சட்டைக் கையை எடுத்துவிட்டு, ஜேர்சியை மெல்ல இழுத்துப் பார்த்தான்.

வரவில்லை. லோஜன் கடித்துக்கொண்டிருந்தான்.