கிராச்

ஓய்வுபெற்ற சுபேதார் திரவியத்துக்கு ரஷ்யா என்றதும் நினைவுக்கு வருவது ஒரு கைத்துப்பாக்கியின் குளிர்தான். பதினாறு வருடங்களுக்கு முன், கூட்டுப் பயிற்சிக்குப் போன இடத்தில், ரஷ்ய சார்ஜன்ட் ஒலெக் தன்னுடைய கிராச் துப்பாக்கியை அவர் உள்ளங்கையில் வைத்தான். கிராச் என்பது ஒரு பறவையின் பெயர் என்பதைக் கைகளைச் சிறகாக அடித்துக் காட்டினான். பனியில் உட்கார்ந்து இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமலே பத்து நாளில் நண்பர்களாகிவிட்டார்கள். கடைசி நாள் சுடும் போட்டியில் இருவரும் சமமாக நின்றார்கள். ஒலெக் ஜெயித்தால், பிறந்து நான்கு நாளான மகளைப் பார்க்க அவனுக்கு லீவு கிடைக்கும் என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லியிருந்தார். திரவியத்தின் கடைசிக் குண்டு இலக்கை விட்டு விலகிப் போனது.

புத்தாண்டு வாழ்த்து மட்டுமே வரும் ஒலெக்கின் எண்ணிலிருந்து இன்று காலை, ஏதோ செயலி மொழிபெயர்த்த தமிழில், அந்த மகள் எழுதியிருந்தாள்: "அப்பா மருத்துவமனையில் இருக்கிறார். கடைசிக் குண்டை நீங்கள் வேண்டுமென்றே தவறவிட்டீர்களா என்று கேட்கச் சொன்னார்."

திரவியம் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். "இல்லை அம்மா. குளிரில் என் கை நடுங்கிவிட்டது. உன் அப்பா நியாயமாகத்தான் ஜெயித்தார்."

தோளுக்குப் பின்னால் நின்று படித்த மனைவி எஸ்தர் கேட்டாள்: "நெசமாவே கை நடுங்குச்சா?"

"அன்னைக்கு நடுங்கல" என்றார். கைப்பேசியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.