அக்கா வந்த வரிசை

திரையிலிருந்து தலையைத் தூக்கியபோதுதான், பயணிகள் வரிசையில் அக்கா நிற்பதைத் தங்கை பார்த்தாள்.

வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்போதும் அப்படித்தான். திடுதிப்பென்று வந்து நிற்பதில் அவளுக்கு அப்படியொரு ஆனந்தம்.

தட்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தவனிடம், "எங்க அக்கா" என்றாள். சொல்லும்போதே வாயெல்லாம் பல்.

விமான நிலையத்தில் வெளிநாடு போகிறவர்களின் பைகளை எக்ஸ்ரே திரையில் பார்ப்பது தங்கையின் வேலை. நிரந்தரமாகி இப்போதுதான் ஒரு மாதம். இந்த வேலைக்கு விண்ணப்பிக்கச் சொன்னதே அக்காதான். பரீட்சைக்கு முன்பு ஃபோனிலேயே கேள்வி கேட்டு உயிரை எடுத்ததும் அவள்தான்.

அக்காவுக்குத் தலைநகரில், விமானத் துறை அமைச்சகத்தில் வேலை. என்ன வேலை என்று கேட்டால், 'ஃபைல் தூக்குற வேலைதான்டி' என்று சிரித்தே மழுப்பிவிடுவாள்.

அக்கா காலணிகளைக் கழற்றித் தட்டில் வைத்தாள். பையை நகரும் பட்டையின் மேல் படுக்கப் போட்டாள். தங்கையைப் பார்த்து ஒற்றைப் புருவத்தைத் தூக்கினாள்.

பை திரைக்குள் வந்தது.

ஆரஞ்சு நிறத்தில் மடித்த துணிகள். நடுவே ஒரு ஹேர் டிரையர். அதன் அடியில், அதோடு ஒட்டினாற்போல், கருநீலமாக ஒரு வளைவு.

ஹேர் டிரையருக்குக் கைப்பிடி ஒன்றுதான் இருக்க வேண்டும். திரையில் இரண்டு தெரிந்தன.

தங்கையின் விரல் தானாகவே நிறுத்தும் பொத்தானின் மேல் போய் உட்கார்ந்தது.

நிறுத்தினால் பையைத் திறக்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் உள்ளாடைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைக்க வேண்டும். யாருடையதை? அக்காவுடையதையா?

ஏதாவது சீப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாளே தவிர, நம்பவில்லை.

விரலை எடுத்தாள். பட்டை நகர்ந்தது.

மறுபக்கம் வந்த அக்கா காலணியை மாட்டவில்லை. பையையும் தொடவில்லை. வெறுங்காலோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சட்டைக்குள்ளிருந்து ஓர் அடையாள அட்டையை இழுத்து மேற்பார்வையாளரிடம் காட்டினாள்.

அட்டையைப் படித்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

வரிசையிலிருந்து இன்னும் இரண்டு பேர் விலகி வந்தார்கள். அவர்களும் பயணிகள் இல்லை. அரசாங்கத்தின் பாதுகாப்புத் தணிக்கைப் பிரிவு.

ஹேர் டிரையரோடு சேர்த்து டேப் சுற்றியிருந்த துப்பாக்கி மேஜைக்கு வந்தது. சுடாத துப்பாக்கி, சோதனைக்கென்றே செய்தது. தெரிந்த முகம் வந்தால் ஊழியர்கள் கோட்டை விடுகிறார்களா என்று பார்க்கிறார்களாம்.

பின்னறையில் தங்கையின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை அவள் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. முடிந்த பிறகாவது உட்காரலாமா என்று கேட்டதற்கு, கடிதம் வரும் என்றார்கள்.

மற்றவர்கள் வெளியே போனதும் அவள் வெடித்தாள். "இத்தனை வரிசை இருக்கே, கூடப் பொறந்தவ பொழப்புதான் கெடச்சுதா உனக்கு? எனக்குக் குழி பறிக்கத்தான் ஃபிளைட் ஏறி வந்தியா?"

அக்கா துப்பாக்கியில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள். அது வரவே மாட்டேன் என்றது.

"எங்க ஆபீஸ்ல, சொந்தக்காரங்க வந்தா யாருமே நிறுத்த மாட்டாங்கன்னு சொன்னாங்க" என்றாள் கடைசியில், தலை நிமிராமல்.

"என் தங்கச்சி நிறுத்துவா, வந்து பாருங்கன்னு நான்தான்டி அவங்களைக் கூட்டிட்டு வந்தேன்."